லைன் பச்சை, பேச்சு மட்டும் துண்டு துண்டு

இன்று ‘சுவிட்ச்’ என்றால் கணினிகளை இணைக்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் 31 வருடம் வேலை பார்த்த டிரான்ஸ்மிஷன் அறையில் சுவிட்ச் என்றால் எக்ஸ்சேஞ்ச். இந்த இரண்டு உலகமும் கை கோக்கும் இடம், டிஜிட்டல் இ.பி.ஏ.பி.எக்ஸ். (அலுவலகத்தின் சொந்த எக்ஸ்சேஞ்ச்) அல்லது வாய்ஸ் ரவுட்டரின் பின்பக்கம் இருக்கும் ஈ-1 போர்ட். ஒரே லைனில் 30 பேச்சைக் கொண்டுவரும் டிஜிட்டல் இணைப்புதான் ஈ-1. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் போர்ட்டைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மருத்துவமனைக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து ஈ-1 மேல் வரும் 30 சேனல் பி.ஆர்.ஐ. தொலைபேசி லைன் இருக்கிறது. பழைய பெட்டியை எடுத்துவிட்டு சிஸ்கோ 2900 வரிசை ரவுட்டரில் ஈ-1 கார்டு போட்டு இணைத்தோம். போர்ட் பச்சையாகவே எரிகிறது, அலாரம் எதுவும் இல்லை. ஆனால் பேசும்போது நடுநடுவே ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஃபாக்ஸ் அனுப்பினால் முதல் பக்கம் போகிறது, இரண்டாவது பக்கத்தில் அறுந்துவிடுகிறது. கேபிளை மூன்று முறை மாற்றிவிட்டோம். (கணினிப் பிரிவு ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: கேபிளை இனித் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே கடிகாரக் கோளாறு.

ஈ-1 லைனில் ஒரு நொடிக்கு 8,000 ஃபிரேம்கள், அதாவது எல்லாச் சேனலிலிருந்தும் ஒவ்வொரு துணுக்கு அடங்கிய கட்டுகள், வருகின்றன. ஒரு ஃபிரேமுக்கு 125 மைக்ரோ நொடி. எக்ஸ்சேஞ்ச் தன் கடிகாரத்தின் தாளத்தில் அனுப்புகிறது. உங்கள் ரவுட்டர் அதே தாளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். ரவுட்டர் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடினால், வந்து சேருவதும் எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். நடுவில் ஒரு சின்னத் தொட்டி மாதிரி பஃபர் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் வேகமாக இருந்தால் தொட்டி நிறைந்து, ஒரு ஃபிரேமைக் கீழே போட்டுவிடும். மெதுவாக இருந்தால் தொட்டி காலியாகி, பழைய ஃபிரேமையே இன்னொரு தடவை கொடுக்கும். இதற்குத்தான் ஸ்லிப் என்று பெயர்.

பேச்சில் 125 மைக்ரோ நொடி காணாமல் போனால் பாதி நேரம் காதுக்கே தெரியாது, தெரிந்தால் ஒரு ‘டிக்’. ஆனால் ஃபாக்ஸ் மோடத்துக்கு அது, மாடிப்படி இறங்கும்போது காலடியில் ஒரு படி காணாமல் போன மாதிரி. முதல் பக்கம் தப்பினால் இரண்டாவது பக்கம் மாட்டும்.

உறுதி செய்யும் வழி: ‘ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ-1’ என்று கொடுங்கள். அது 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, 24 மணி நேரத்துக்கு 96 கட்டக் கணக்கு வைத்திருக்கும். அதில் வழியில் கெட்டுப்போன பிட்களைக் காட்டும் லைன் கோட் வயலேஷன், பாத் கோட் வயலேஷன் இரண்டும் பூஜ்யமாக இருந்து, ஸ்லிப் விநாடிகள் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கம்பி சுத்தம், கடிகாரம்தான் குற்றவாளி. மாறாக, வயலேஷன்கள் ஏறினால் அப்போது கேபிளைப் பாருங்கள். இந்த ஒரு பக்கத்தை முதலில் படித்திருந்தால் மூன்று கேபிள் மிச்சமாகியிருக்கும். கவுன்ட்டரை ஒருமுறை அழித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தாலே போதும்.

சரி செய்வது இரண்டு படி. போர்ட்டில் ‘க்ளாக் சோர்ஸ் லைன்’ என்று வையுங்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும், அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்தக் கட்டளை போர்ட்டை மட்டும் எக்ஸ்சேஞ்சின் தாளத்துக்குக் கொண்டுவருகிறது. குரலைக் கையாளும் டி.எஸ்.பி. சில்லுகள் இருக்கும் உள் பஸ் இன்னும் ரவுட்டரின் சொந்தக் கடிகாரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ‘நெட்வொர்க் க்ளாக் பார்ட்டிசிபேட்’ என்ற கட்டளையில் அந்தக் கார்டின் இடத்தைக் கொடுத்து, பிறகு ‘நெட்வொர்க் க்ளாக் செலக்ட் 1’ என்று அந்த ஈ-1 போர்ட்டைக் காட்டினால்தான் பெட்டி முழுக்க ஒரே தாளத்துக்கு வரும். 2800, 2900 வரிசைகளில் இந்த இரண்டு வரியையும் மறப்பவர்கள் ஏராளம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு நூற்பாலை. ராஜபாளையம் பக்கம். ஆலைக்கு இரண்டு யூனிட், நடுவே நான்கு கிலோமீட்டர், இரண்டையும் சேர்க்க ஒரு ஈ-1. இரண்டு யூனிட்டிலும் வேறு வேறு ஆட்கள் இ.பி.ஏ.பி.எக்ஸ். வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், இரண்டு பேருமே கடிகாரத்தை ‘இன்டர்னல்’ என்று விட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை எனக்கு ஒரு ஃபாக்ஸ் தாளை எடுத்துக் காட்டினார். நூல் விலைப்பட்டியல். 40-ம் நம்பர் நூலுக்கு நேரே, விலை இருக்க வேண்டிய இடத்தில், விரற்கடை அகலத்துக்கு வெள்ளை. “இந்த ஒரு வரிக்காக தினமும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கு சார்” என்றார்.

நான் ஒரு பக்கத்திலிருந்து 1000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை விட்டுவிட்டு, மறுபக்கம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பேச்சில் கேட்காத ஸ்லிப் டோனில் கேட்கும். 1000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 1000 மைக்ரோ நொடி. 125 போனால் அரைக்கால் சுற்று தாவுகிறது, சுத்தமாக ஒரு ‘டிக்’ விழும். ஏறக்குறைய 12 நொடிக்கு ஒன்று விழுந்தது. 125 மைக்ரோ நொடியை 12 நொடியால் வகுத்தால் பத்து லட்சத்தில் 10 பங்கு. இரண்டு பெட்டிகளின் கடிகாரத்துக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். ஈ-1 போர்ட்டுக்குத் தரம் அனுமதிக்கும் விலகல் பத்து லட்சத்தில் 50 பங்கு. ஆகவே இரண்டு பெட்டியிலும் தனித்தனியாக எந்தப் பழுதும் இல்லை. சேர்த்து வைத்ததில்தான் பிழை.

முதல் யூனிட்டுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து பி.ஆர்.ஐ. வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தாளத்தை எடுக்கச் சொன்னேன். இரண்டாவது யூனிட்டை ‘லைன்’ என்று மாற்றி, முதல் யூனிட்டைப் பின்பற்றச் சொன்னேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், ஒரு ஸ்லிப்கூட இல்லை.

எதிர்த் தவறும் உண்டு. இரண்டு பக்கமும் ‘லைன்’ என்று வைத்துவிட்டால், நீ சொல், நீ சொல் என்று இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று பின்பற்றிக்கொண்டே மெல்ல மெல்ல எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும். ஓர் இணைப்பில் ஒருவர்தான் தாளம் போட வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். சீசியம் கடிகாரம் வைத்திருக்கும் இரண்டு தேசிய வலையமைப்புகள் சந்திக்கும் இடத்தில்கூட ஸ்லிப் முழுதாக ஒழியாது. ஆனால் அங்கே அது சுமார் 70 நாளுக்கு ஒருமுறைதான் வரும். உங்கள் மருத்துவமனையில் நிமிடத்துக்கு ஐந்து வருகிறது என்றால் யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: ஐயா, ஈ-1 என்றால் 32 டைம்ஸ்லாட் என்று படிக்கிறோம். 30 பேர்தான் பேச முடியும் என்கிறார்கள். மீதி இரண்டு எங்கே போகிறது? அப்புறம், டி சேனல் 16-வது ஸ்லாட்டில் என்றால் ரவுட்டரில் ஏன் ‘சீரியல் 0/0/0:15’ என்று காட்டுகிறது? (பொறியியல் மாணவர், மதுரை)

பதில்: தம்பி, கணக்கை முதலில் போட்டுவிடுவோம். ஒரு ஸ்லாட்டுக்கு 8 பிட், 32 ஸ்லாட், ஆக ஃபிரேமுக்கு 256 பிட். நொடிக்கு 8,000 ஃபிரேம். பெருக்கினால் 20,48,000 பிட், அதுதான் 2.048 மெகாபிட். ஒரு ஸ்லாட் மட்டும் என்றால் 64 கிலோபிட்.

பூஜ்ய ஸ்லாட் யாருக்கும் பேசக் கிடைக்காது. ஒன்று விட்டு ஒரு ஃபிரேமில், அதாவது நொடிக்கு 4,000 தடவை, அதில் 0011011 என்ற அதே ஏழு பிட் வரும். பிட்கள் ஆறு மாதிரி இடைவிடாமல் ஓடி வருகின்றன, எது முதல் ஸ்லாட் எது இரண்டாவது என்று மேலே எழுதியிருக்காது. இந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துத்தான் போர்ட் எண்ண ஆரம்பிக்கிறது. மாறி வரும் மற்ற ஃபிரேமில், அதே ஸ்லாட்டின் மூன்றாவது பிட், ‘நீ அனுப்புவது எனக்குக் கிடைக்கவில்லை’ என்று எதிர்முனைக்குச் சொல்லும் பிட். அடுத்த கேள்வியில் இவரைத் திரும்பச் சந்திப்போம்.

16-வது ஸ்லாட் சிக்னலிங். பி.ஆர்.ஐ. லைனில் அதுதான் டி சேனல். யார் யாரை அழைக்கிறார், எந்தச் சேனலில் பேசப் போகிறார், யார் முதலில் வைத்தார் என்ற செய்திகள் எல்லாம் அதில் போகும்.

15 எப்படி வந்தது என்பது எளிது. ‘பி.ஆர்.ஐ. குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-31’ என்று நீங்கள் எழுதும்போது ஸ்லாட்டை ஒன்றிலிருந்து எண்ணுகிறீர்கள். அந்த மென்பொருள் இன்டர்ஃபேஸுக்குப் பெயர் வைக்கும்போது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. 1-வது ஸ்லாட் அதற்கு 0, 16-வது ஸ்லாட் 15. அமெரிக்க டி-1 லைனில் 24-வது சேனல் டி சேனல், அங்கே ‘:23’ என்று வருவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: லைன் கொடுத்தவர் ‘எங்கள் பக்கம் ஓ.கே.’ என்கிறார். பெட்டி விற்றவர் ‘எங்கள் பக்கம் ஓ.கே.’ என்கிறார். நடுவில் நான். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிடுவது, மஞ்சள் எரிந்தால் யாரை? (அலுவலக மேலாளர், திருநெல்வேலி)

பதில்: மூன்று அலாரமும் மூன்று விதமான வாக்கியம். அதைப் படித்தாலே யார் வர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சிவப்பு, சிக்னல் இல்லை என்றால் ‘எனக்கு எதுவுமே வந்து சேரவில்லை’ என்று பொருள். கம்பி அறுந்திருக்கலாம், பிளக் கழன்றிருக்கலாம், அனுப்பும் ஜோடியும் வாங்கும் ஜோடியும் மாறியிருக்கலாம். நீலம் என்றால் எல்லாமே ஒன்றுகளாக வருகின்றன. நடுவில் இருக்கும் மக்ஸ் (பல லைன்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் பெட்டி) உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்கு மேலிருந்து ஒன்றும் வரவில்லை, ‘லைனை விட்டுவிடாதே’ என்று வெறும் ஒன்றுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேபிள் நன்றாக இருக்கிறது, கோளாறு அவர்கள் பக்கம். இதை உறுதியாகச் சொல்லி அழைக்கலாம். மஞ்சள் என்றால் அவர்கள் அனுப்புவது உங்களுக்கு வருகிறது, ஆனால் நீங்கள் அனுப்புவது அவர்களுக்குப் போகவில்லை. மேலே சொன்ன மூன்றாவது பிட் வந்து சொல்லும் செய்தி அதுதான். உங்கள் அனுப்பும் ஜோடியைப் பாருங்கள்.

வாய்ச்சண்டையை நிறுத்த ஒரு சின்னக் கருவி போதும், நீங்களே செய்யலாம். ஆர்.ஜே. 45 பிளக் ஒன்று எடுத்து, ஒரு துண்டுக் கம்பியால் 1-வது பின்னையும் 4-வது பின்னையும் சேருங்கள், இன்னொரு துண்டால் 2-ஐயும் 5-ஐயும் சேருங்கள். கிரிம்பரால் அழுத்திவிட்டால் லூப் பிளக் தயார். ஈ-1 போர்ட்டில் 1, 2 வாங்குவது, 4, 5 அனுப்புவது. இந்தப் பிளக்கைப் பெட்டியின் போர்ட்டில் செருகினால், அது அனுப்புவதே அதற்குத் திரும்ப வரும். கடிகாரத்தைச் சோதனை நேரத்துக்கு மட்டும் ‘இன்டர்னல்’ ஆக்கிக்கொள்ளுங்கள். பச்சையானால் போர்ட் நல்லது. அப்புறம் இதே லூப்பை கேபிளின் கடைசி முனையில் போடுங்கள், பிறகு லைன்கள் வந்து முடியும் டி.டி.எஃப். சட்டத்தில் போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பச்சை நின்று சிவப்பாகிறதோ, கோளாறு அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்.

கேபிள் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண நேர் ஈதர்நெட் பேட்ச் கார்டில் 1-2 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, அதனால் அது ஈ-1-க்கும் ஓடும். ஈதர்நெட் கிராஸ் கேபிள் ஓடாது. அது 1, 2-ஐ 3, 6-க்கு மாற்றுகிறது, ஈ-1-க்குத் தேவை 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் மாற்றுவது. லைன் பக்கம் பி.என்.சி. கோஆக்ஸாக இருந்தால் அது 75 ஓம். உங்கள் போர்ட் முறுக்கு ஜோடி என்றால் 120 ஓம். நடுவில் இரண்டையும் பொருத்தும் பேலன் வைக்காமல் நேராகச் சாலிடர் வைத்து ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்த தூரத்துக்கு அது ஓடியும்விடும், அதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் ஒருநாள் பிட் பிழை ஏறும்போது காரணம் தேடி அலைவீர்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு கிளைகளுக்கு நடுவில் செம்புக் கம்பியில் 2 மெகாபிட் டேட்டா லைன். ரவுட்டரிலிருந்து ரவுட்டருக்கு நேராகப் போகிறது. எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட கோப்பை அனுப்பினால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் லைன் விழுந்து எழுகிறது. லைன்கோட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏ.எம்.ஐ. என்றுதான் இருக்கிறது. (நெட்வொர்க் பொறுப்பாளர், சேலம்)

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கோப்பில் வைரஸ் இல்லை, அந்த இடத்தில் பூஜ்யங்கள் நீளமாக வருகின்றன, அவ்வளவுதான்.

ஏ.எம்.ஐ. முறையில் ஒன்றுக்கு ஒரு துடிப்பு, ஒரு முறை மேலே, அடுத்த முறை கீழே. பூஜ்யத்துக்குத் துடிப்பே இல்லை. மறுமுனை இந்தத் துடிப்புகளைப் பார்த்துத்தான் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்து பூஜ்யமாக வந்தால் கம்பியில் மௌனம். மேளம் நின்ற பிறகு எத்தனை நேரம் சரியாகத் தாளம் தட்ட முடியும்? கொஞ்ச நேரத்தில் போர்ட் வழி தவறுகிறது, ஃபிரேம் போகிறது, லைன் விழுகிறது.

எச்.டி.பி. 3 இதற்காகவே வந்தது. நாலு பூஜ்யம் சேர்ந்து வந்தால், அந்த இடத்தில் வேண்டுமென்றே விதியை மீறிய ஒரு துடிப்பை வைத்து அனுப்பும். முந்தையது மேலே என்றால் இதுவும் மேலே. வாங்குகிற பக்கம் ‘இது மீறல், ஆகவே இது நாலு பூஜ்யம்’ என்று புரிந்துகொண்டு திரும்ப மாற்றிக்கொள்ளும். தாளமும் விடாது, செய்தியும் கெடாது. இரண்டு பக்கமும் எச்.டி.பி. 3 ஆக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கத்துக்குப் பயணம் போகாதீர்கள், மீறல் துடிப்புகளை ஏ.எம்.ஐ. போர்ட் ஒன்றுகளாக எண்ணி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டு ஊரிலும் ஆள் நிறுத்தி, போனில் பேசிக்கொண்டே ஒரே நிமிடத்தில் மாற்றுங்கள்.

பேச்சு லைன்களில் இந்தக் கோளாறு தலைகாட்டாததற்கும் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் குரலை மாற்றும் ஏ-லா முறையில் ஒன்று விட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்கி அனுப்புகிறார்கள். யாரும் பேசாத மௌனம்கூட கம்பியில் 11010101 என்று போகும், ஒன்றுகள் நிறைய. மௌனத்தையும் தாளத்தோடு அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

கூடவே சி.ஆர்.சி. 4 இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது 8 ஃபிரேமுக்கு ஒரு சோதனை, நொடிக்கு 1,000 தடவை கணக்கைச் சரிபார்க்கும். இருந்தால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

கேள்வி: 10 சேனல் மட்டும் வாங்கினோம். உள்ளே வரும் அழைப்புகள் எல்லாம் வருகின்றன. வெளியே அழைத்தால் மட்டும் போகவே இல்லை. (ஏற்றுமதி நிறுவன அலுவலர், கரூர்)

பதில்: உங்கள் போர்ட்டில் டைம்ஸ்லாட் 1-31 என்று முழுவதும் எழுதியிருப்பீர்கள். உள்ளே வரும் அழைப்புக்குச் சேனலை எக்ஸ்சேஞ்ச் தேர்ந்தெடுக்கிறது, அதற்குத் தான் திறந்துவிட்ட 10 எது என்று தெரியும், அதனால் வருகிறது. வெளியே போகும்போது உங்கள் ரவுட்டர் தேர்ந்தெடுக்கிறது. சிஸ்கோவில் இயல்பாக அது மேலிருந்து கீழே வரும், முதலில் கடைசிச் சேனலைக் கேட்கும். எக்ஸ்சேஞ்சில் அது திறக்கப்படவில்லை. ‘கேட்ட சேனல் கிடைக்காது’ என்று 44-ம் காரண எண்ணோடு அழைப்பு திரும்பிவிடும். ‘டீபக் ஐ.எஸ்.டி.என். க்யூ 931’ போட்டுப் பாருங்கள், அந்த 44 கண்ணில் படும்.

எந்த 10 என்று லைன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். 1 முதல் 10 என்றால் ‘1-10,16’ என்று எழுதுங்கள். 16-ஐ விட்டால் டி சேனலே இல்லை. மேலிருந்து எடுக்கும் வழக்கத்தை மாற்ற வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் கீழிருந்து எடுத்தால் இரண்டு பேரும் ஒரே சேனலில் மோதிக்கொள்ளாமல் இருக்க அதுதான் நல்லது.

கேள்வி: போர்ட் பச்சை. ஸ்லிப் பூஜ்யம், பிழை பூஜ்யம். ஆனால் ‘ஷோ ஐ.எஸ்.டி.என். ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் இரண்டாம் அடுக்கு ‘டி.இ.ஐ. அசைன்டு’ என்பதிலேயே நிற்கிறது. நாலு நாளாகிறது. (தொழிற்சாலை மின்னியல் பிரிவு, ஓசூர்)

பதில்: நல்ல நிலையில் அந்த இடத்தில் ‘மல்டிபிள் ஃபிரேம் எஸ்டாப்ளிஷ்டு’ என்று வர வேண்டும். உங்கள் பெட்டி ‘பேசலாமா’ என்று சேப்மி என்ற செய்தியை அனுப்புகிறது, ‘சரி’ என்ற பதில் வரவில்லை.

மூன்று காரணம் பார்க்கலாம். எதிர்முனையில் இன்னும் சேனலைத் திறக்காமல் இருக்கலாம். எதிர்முனை எக்ஸ்சேஞ்ச் எந்த வகை என்று சொல்லும் சுவிட்ச் டைப் தவறாக இருக்கலாம், நம் ஊரில் ‘பிரைமரி நெட் 5’ வேண்டும். இரண்டு இ.பி.ஏ.பி.எக்ஸ். நேராக இணைத்திருந்தால் இரண்டுமே ‘யூசர்’ பக்கமாக இருக்கலாம், ஒன்றை ‘நெட்வொர்க்’ ஆக்க வேண்டும்.

ஆனால் ஸ்லிப்பும் பிழையும் இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு நாலாவது சந்தேகம் வருகிறது. ‘டீபக் ஐ.எஸ்.டி.என். க்யூ 921’ போடுங்கள். நீங்கள் அனுப்பும் சேப்மி உங்களுக்கே திரும்பி வருகிறதா பாருங்கள். வந்தால் எங்கோ லூப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள். எனக்கே ஒரு வங்கிக் கிளையில் இது நடந்தது. இரண்டு நாள் சுவிட்ச் டைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன், மூன்றாம் நாள் டி.டி.எஃப். அறையைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால், சோதனைக்கு வந்த ஆள் போட்ட ஒரு சாண் மஞ்சள் ஜம்பர் அப்படியே தொங்குகிறது. பச்சை விளக்கு சொல்வது சிக்னல் வருகிறது என்று மட்டும்தான், யார் அனுப்புகிறார் என்பதை அது சொல்லாது.

கேள்வி: பழைய சந்தையில் வாங்கிய ரவுட்டரில் கார்டு டி-1 என்று காட்டுகிறது. நம் லைனுக்கு ஆகுமா? (சென்னை வாசகர்)

பதில்: கார்டு இரண்டுக்கும் பொதுவானது என்றால் ஆகும். ‘கார்டு டைப் ஈ-1’ என்று இடத்தைக் கொடுத்து மாற்றுங்கள். கார்டு வெறும் டி-1 மட்டும் என்றால் ஆகாது. அது 24 சேனல், 193 பிட் ஃபிரேம், 1.544 மெகாபிட். பெல் அமைப்பு 1962-ல் அமெரிக்காவில் ஓடவிட்ட முறை அது. நம்முடையது ஐரோப்பிய வழி. வாங்கும் முன் கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எல்லாம் சிப் டிரங்குக்கு, அதாவது ஐ.பி. வலையமைப்பில் பேச்சை அனுப்பும் முறைக்கு, போய்க்கொண்டிருக்கிறது. இதை இன்னும் படிப்பதில் பயன் உண்டா? (பாலிடெக்னிக் மாணவி, நாகர்கோவில்)

பதில்: உண்டு அம்மா. புதிதாக லைன் வாங்குகிறவருக்கு நானே சிப் டிரங்கைத்தான் சொல்வேன். ஆனால் ரயில்வேயின் கட்டுப்பாட்டுத் தொடர்பிலும் மின் கடத்தல் நிலையங்களிலும் ஈ-1 இன்னும் வேலை செய்கிறது, அங்கே போகிறவருக்கு இது தினசரி வேலை. அதைவிட முக்கியம், கடிகாரப் பிரச்சினை எங்கும் போகவில்லை. நம் ஊர் 5ஜி ஓடும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கிறது. அதற்காக ஒவ்வொரு டவரும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக் கூடாது. இந்த 125 மைக்ரோ நொடியின் ஸ்லிப் மனத்தில் பதிந்தவருக்கு அது புதுப் பாடமாக இருக்காது.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஈ-1 கார்டுள்ள பழைய ரவுட்டர் இரண்டு கிடைத்தால், 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் மாற்றிய ஒரு கேபிள் செய்து இரண்டையும் இணையுங்கள். முதலில் ஒன்றை ‘இன்டர்னல்’, மற்றதை ‘லைன்’ என்று வைத்து, ஸ்லிப் பூஜ்யமாக நிற்பதைப் பாருங்கள். பிறகு இரண்டையும் ‘இன்டர்னல்’ ஆக்கிவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். ஸ்லிப் எத்தனை ஏறியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். உங்கள் இரண்டு பெட்டிகளின் கடிகாரமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அடுத்த இதழில் சேர்ந்தே கணக்குப் போடுவோம்.